பழுதும் நகலும்: வால்வு ஆம்ப்ளிஃபயரின் வரலாற்றை முன்வைத்து

மின்கிதாரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கிதாரைப் பற்றியும் அதை வாசித்தவரைப் பற்றியுமே எழுதுகிறார்கள். கலைஞருக்குப் பின்னால், மேடையின் அரையிருட்டில் கறுப்புப் பெட்டியாக நிற்கும் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மின்சாரத்தோடு இணைக்காமல் மின்கிதாரை மீட்டிப் பார்த்தால், பக்கத்து அறைக்கும் எட்டாத மெல்லிய கம்பியொலி மட்டுமே எழும். அரங்கை அதிரவைக்கும் அந்தக் குரலின் பெரும்பங்கு பெட்டிக்குள்தான் உருவாகிறது. எனவே ஆம்ப்ளிஃபயரை வெறும் துணைக்கருவி என்று சொல்வது, வீணைக்குக் குடத்தைத் துணைக்கருவி என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இந்தப் பெட்டியைக் குறித்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. கண்ணாடிக் குமிழ்களான வால்வுகளைக் கொண்ட பழைய ஆம்ப்ளிஃபயர் ஒருபுறம். அதன் ஒலியைக் கணக்கீடுகளால் போலச்செய்யும் டிஜிட்டல் கருவி மறுபுறம். எது உயர்ந்தது என்பது கிதார்க் கலைஞர்களின் ஓயாத பட்டிமன்றம். நாம் அந்தப் பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு வழங்கப்போவதில்லை. அசல், நகல், பிழை என்ற மூன்று சொற்களும் இந்த வரலாற்றில் ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக்கிடக்கின்றன என்பதையே இங்குக் காண முயல்கிறோம். பாடபேதங்களோடு வாழ்ந்து பழகிய இலக்கிய வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் அந்நியமாகத் தோன்றாது.

வால்வு என்பது இசைக்காகப் பிறந்த பொருளன்று. 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங், வானொலி அலைகளைக் கண்டறிவதற்காக, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்க்குள் சூடான இழையையும் ஓர் உலோகத் தகட்டையும் வைத்தார். சூடேறிய இழையிலிருந்து எலக்ட்ரான்கள் தகட்டை நோக்கி ஒரே திசையில் பாய்ந்தன. 1906ஐ ஒட்டி அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட், இரண்டுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு கம்பிவலையைச் சேர்த்தார். அவ்வலையில் சிறு மின்னழுத்தத்தை மாற்றினாலே பெரிய மின்னோட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. மதகைச் சற்றே தூக்கி ஏரி நீரை ஆள்வது போன்ற வேலை இது. வானொலியும் பேசும் படமும் தொலைதூரத் தொலைபேசியும் இதன் வழியே வந்தன. திருகியதும் பாடாமல், உள்ளே செம்மஞ்சள் ஒளி படர்ந்து சூடேறும்வரை காத்திருக்கவைத்த வால்வு ரேடியோவை நம் தலைமுறையில் சிலரேனும் பார்த்திருப்பார்கள். அதே வால்வுதான் இங்கும் கதாநாயகன்.

1920களின் அமெரிக்க நடனக் குழுக்களில் ஊதுகருவிகளின் முழக்கத்துக்கு நடுவே கிதார் கேட்காமல் போயிற்று. அன்று பெரும் மோகமாக இருந்த ஹவாய்த் தீவு இசையின் மடிக்கிதாருக்கும் இதே குறை இருந்தது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோரின் முயற்சியில், கம்பியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு மின்குறிப்பாக மாற்றும் 'வாணலி' என்ற செல்லப்பெயர் கொண்ட கிதார் விற்பனைக்கு வந்தது. 1936இல் கிப்சன் நிறுவனம் இஎஸ்-150 கிதாரை வெளியிட்டது. 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதைக் கொண்டு, கிதாரும் சாக்ஸபோனுக்கு இணையாகத் தனியாவர்த்தனம் வாசிக்க முடியும் என்று காட்டினார். 1942இல் தம் 25ஆம் வயதில் அவர் மறைந்தார்.

இந்தக் கட்டம்வரை பொறியாளரின் இலக்கு ஐயத்துக்கு இடமற்றது. உள்ளே வருவது எதுவோ அதுவே பெரிதாகி வெளியே போகவேண்டும். கூடுதலும் கூடாது, குறையும் கூடாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் 1938இல் ரேடியோ பழுதுபார்க்கும் கடை திறந்து, 1946இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கிய லியோ ஃபெண்டரும் இதே நோக்கம் உடையவர்தாம். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. இசைவாணர்கள் கொண்டுவந்த குறைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போனார். தெளிவான ஒலியும் எளிதில் பழுதுபார்க்கக்கூடிய அமைப்புமே அவருடைய குறிக்கோள். ஒலி உடைந்து கரகரத்தால் அது வடிவமைப்பின் தோல்வி.

தோல்வியைக் கலையாக்கியவர்கள் வேறு சிலர். 1951 மார்ச் மாதம் மெம்பிஸ் நகரில் சாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு ஐக் டர்னரின் குழு வந்து சேர்ந்தபோது, கிதார்க் கலைஞர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப்ளிஃபயர் வழியிலேயே பழுதாகியிருந்தது. வண்டியிலிருந்து விழுந்தது என்பார்கள். மழையில் நனைந்தது என்றும் சொல்வார்கள். பழுதுபார்க்க நேரமில்லை. கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துப் பதிவைத் தொடர்ந்தார் ஃபிலிப்ஸ். அவ்வாறு உருவான 'ராக்கெட் 88' பாடலை, ராக் அண்ட் ரோலின் முதல் இசைத்தட்டு என்று கருதுவோர் பலர் உண்டு. 1958இல் லிங்க் ரே 'ரம்பிள்' என்ற இசைக்கோவைக்காக ஸ்பீக்கர்க் காகிதத்தில் பென்சிலால் துளையிட்டார். 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவீஸ் சவர பிளேடால் அதைக் கீறினார். முதலாவது விபத்து. மற்ற இரண்டும் வேண்டுமென்றே செய்தவை. விபத்தால் வந்த ஒலியைச் செவி விரும்பத் தொடங்கிய பின்னர் அதை விபத்து என்று சொல்லுதல் பொருந்தாது.

செவி ஏன் அதை விரும்பியது? ஆம்ப்ளிஃபயரின் எல்லைக்கு மேல் குறிப்பைச் செலுத்தினால் அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. அவ்வாறு வெட்டுப்படும்போது மூல அலையில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன. வால்வு தன் எல்லையைச் சிறிது சிறிதாக எட்டுவதால் உச்சி மழுங்குகிறது. அக்கால டிரான்சிஸ்டர்ச் சுற்றுகளிலோ அது கத்தியால் நறுக்கியதுபோல் தட்டையாகிறது. 1973இல் ரஸ்ஸல் ஹாம் என்ற ஒலிப்பொறியாளர் ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மிகைப்படும்போது இருவகைக் கருவிகளும் எழுப்பும் மேற்சுரங்களின் அமைப்பே வேறு என்று காட்டியது. வால்வில் இரண்டாம் மேற்சுரமும் டிரான்சிஸ்டரில் மூன்றாம் மேற்சுரமும் ஓங்கியிருந்தன. இரண்டாம் மேற்சுரம் மூல சுரத்தின் மேல்ஸ்தாயி ஆதலால் அது உறுத்தாமல் கலந்துவிடுகிறது.

இந்த விளக்கம் பின்னாளில் ஒரு மந்திரமாகவே ஓதப்பட்டது. உண்மை அவ்வளவு எளிதன்று. பெரிய கிதார் ஆம்ப்ளிஃபயர்களின் இறுதிக்கட்டத்தில் வால்வுகள் இணைகளாக எதிரெதிரே இயங்குகின்றன. அந்த ஏற்பாடு தன்னுள் எழும் இரட்டைப்படை மேற்சுரங்களைப் பெருமளவு ஒன்றோடொன்று கழித்துவிடும். ஆகவே வால்வின் இனிமையை ஒரே காரணத்தில் அடக்க இயலாது. ஓங்கி மீட்டும்போது மின்வழங்கி சற்றே தளர்ந்து பின் நிமிர்வதால் விரலுக்குக் கிடைக்கும் மிதப்பு, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் வரம்பு ஆகியவையும் சேர வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கூர்மையைத் தானாகவே மட்டுப்படுத்துவதும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. இத்தனையும் ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் பிறப்பதே அந்தக் குரல். இந்தச் சிக்கலை நினைவில் கொள்வோம். நகலெடுக்க வந்தவர்கள் எதிர்கொண்டதும் இதைத்தான்.

நகலெடுத்தல் டிஜிட்டல் காலத்தில் தொடங்கியதன்று. லண்டனுக்கு மேற்கே ஹான்வெல்லில் 1960இல் டிரம் கடை திறந்தவர் ஜிம் மார்ஷல். கடைக்கு வந்த கிதார் இளைஞர்களுக்கு அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இறக்குமதி விலையோ மிக அதிகம். எனவே கென் பிரான், டட்லி கிராவன் ஆகியோரின் துணையுடன் ஃபெண்டரின் 'பாஸ்மேன்' சுற்றை அப்படியே பின்பற்றி 1962இல் ஒன்றைச் செய்தார். அதுவே ஜேடிஎம் 45. சுற்று ஏறத்தாழ அதுவே. ஆனால் உதிரிப்பாகங்கள் உள்ளூரில் கிடைத்தவை. முதல் கட்டத்து வால்வு வேறு. ஃபெண்டரின் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு மாறாக, மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். இவற்றால் ஒலி மாறிவிட்டது. ஃபெண்டரைக் காட்டிலும் விரைவாக உடைந்து, தடித்து, உறுமியது.

1966இல் ஜான் மேயால் குழுவின் இசைத்தட்டுக்காக டெக்காவின் கூடத்தில் எரிக் கிளாப்டன் ஒரு மார்ஷல் பெட்டியை மேடையில் வாசிக்கும் அதே உரப்பில் வைத்துத்தான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஒலிப்பதிவாளர்களின் மரபுக்கு அது அடுக்காத செயல். அந்த இசைத்தட்டுக்குப் பிறகு மரபே மாறிற்று. அதற்கு முந்தைய ஆண்டே தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டின் வற்புறுத்தலால் 100 வாட் மார்ஷல் உருவாகியிருந்தது. ஆளுயரப் பெட்டிகள் ராக் மேடையின் சின்னமாயின. உண்மையில் மார்ஷல் ஒரு பிழையான நகல். பிழையின்றி நகலெடுத்திருந்தால் ஹென்ட்ரிக்ஸின் ஒலியை நாம் கேட்டிருக்கமாட்டோம்.

இரண்டாவது நகல் இன்னும் வியப்பானது. மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பாடல் நாஷ்வில் நகரில் பதிவானபோது, கலவைப் பலகையின் ஒரு தடம் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு கம்பி பேஸ் கிதார் வண்டு குடைவதுபோல் இரைந்தது. அதை நீக்காமல் 1961இல் அப்படியே வெளியிட்டார்கள். பாடல் வெற்றி பெற்றது. மற்றவர்களும் அந்த இரைச்சலைக் கேட்டு வந்தார்கள். பழுதான தடமோ அதற்குள் முற்றிலும் செயலிழந்திருந்தது. பொறியாளர் கிளென் ஸ்னாடி, மறைந்துபோன அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு மீண்டும் உண்டாக்கினார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கி 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற காலடிக் கருவியாக விற்றது. கிதாரை எக்காளம் போலவும் செல்லோ போலவும் ஒலிக்கச் செய்யும் என்பது விளம்பரம். எவரும் அதிகம் வாங்கவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், பின்னர் ஊதுகருவிகளால் நிரப்பலாம் என்ற எண்ணத்தில் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாடலின் முகப்பை இக்கருவியால் வாசித்து வைத்தார். ஊதுகருவிகள் வரவேயில்லை. தற்காலிகமாக வைத்ததே நிலைத்தது. கருவி எக்காளம் போலும் ஒலிக்கவில்லை, நாஷ்வில்லின் கெட்ட தடம் போலும் ஒலிக்கவில்லை. அது தானாக ஒலித்தது.

இதே பத்தாண்டில் டிரான்சிஸ்டர் வால்வை எங்கும் வென்றுகொண்டிருந்தது. 1947இன் இறுதியில் பெல் ஆய்வகத்தில் பிறந்த அது சிறியது, குளிர்ந்தது, மலிவானது, உடையாதது. 1965இல் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கி, அடுத்த ஆண்டே டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களைச் சந்தையில் இறக்கியது. கிதார்க் கலைஞர்கள் ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் அவை கைவிடப்பட்டன. வானொலியும் தொலைக்காட்சியும் வால்வை விட்டொழித்த பிறகும், கிதார் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டது. மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய வால்வுத் தொழிற்சாலைகள் 1980களோடு ஏறத்தாழ மூடப்பட்டன. எஞ்சிய உற்பத்தி ரஷ்யா, சீனா, பழைய செக்கோஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளின் சில ஆலைகளில் ஒதுங்கியது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது சராடோவ் நகர ஆலையின் வால்வுகள் தடைப்பட்டு உலகெங்கும் கிதார்க் கடைகள் கலங்கின. தடை பின்னர் தளர்ந்தது. ஆயினும் ஒரு கலைக்குரல் எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அன்று வெளிப்பட்டது.

டிஜிட்டல் நகலின் தேவை இங்கிருந்து பிறக்கிறது. 1995இல் ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 வந்தது. 1996இல் மார்கஸ் ரைல், மிஷெல் டுவாடிக் ஆகியோரின் லைன் 6 நிறுவனம் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப்ளிஃபயரை வெளியிட்டது. 1998இல் அதே நிறுவனத்தின் 'பாட்', அவரைவிதை வடிவில் சிவப்பாக, மேசைமேல் வைக்கும் அளவில் வந்தது. ஃபெண்டர், மார்ஷல், வாக்ஸ் என ஒரு கூடமே கொள்ளாத பெட்டிகளின் ஒலிச்சாயல்கள் அதற்குள் இருந்தன. கருவி செய்வது இதுதான்: கம்பியின் குறிப்பை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கி, வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் அதை என்ன செய்திருக்குமோ அதைக் கணக்கிட்டு, மீண்டும் ஒலியாக்குகிறது.

சொல்ல எளிது, செய்ய அரிது. நொடிக்கு 44,100 முறை அளந்தால் 22,050 ஹெர்ட்ஸ்வரை மட்டுமே குறிக்க முடியும். சிதைவு எழுப்பும் மேற்சுரங்களோ அந்த எல்லையைத் தாண்டும். தாண்டியவை மடிந்து கீழே திரும்பி, சுருதிக்குச் சற்றும் பொருந்தாத இரைச்சலாக விழும். இதைத் தவிர்க்க உள்ளே பன்மடங்கு வேகத்தில் கணக்கிட்டாக வேண்டும். அக்கணக்கு நேரத்தைத் தின்னும். ஆயினும் சில மில்லிநொடித் தாமதம் பெருங்குற்றமன்று. ஒலி ஒரு மில்லிநொடியில் 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே 3 மில்லிநொடித் தாமதம் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்கு ஒப்பாகும். தொடக்ககாலக் கருவிகளில் ஒலியின் சாயல் இருந்தது, விரலுக்கு விடைசொல்லும் உயிர்ப்பு குறைவாயிருந்தது என்ற குறை நியாயமானதே.

அக்குறையும் படிப்படியாகத் தேய்ந்தது. 2006இல் வந்த ஃபிராக்டல் ஆடியோவின் 'ஆக்ஸ் எஃப்எக்ஸ்' சுற்றின் உறுப்புகளை மேலும் நுணுக்கமாகக் கணக்கிட்டது. 2011இல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் மாற்று வழி கண்டார். சுற்றை அறியவேண்டியதில்லை, ஆம்ப்ளிஃபயருக்குள் சோதனை ஒலிகளைச் செலுத்தி, வெளிவருவதோடு ஒப்பிட்டு, அதன் தடத்தைப் பதிந்துகொண்டால் போதும். இப்போது நரம்பு வலைப்பின்னல் எனப்படும் கணினிமுறை இதே வேலையைச் செய்கிறது. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே ஓர் ஆம்ப்ளிஃபயரின் படியை எடுத்துவிடலாம். கண்ணை மூடிக் கேட்டு அசலையும் படியையும் பிரித்தறிவது தேர்ந்த செவிகளுக்கும் எளிதன்று.

இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. ஒரே ஆண்டில் ஒரே ஆலையில் செய்த இரு மார்ஷல்கள்கூட ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. உறுப்புகளின் அளவில் வேறுபாடு உண்டு. வால்வு தேயும், மின்தேக்கி வறளும். எனவே கெம்பர் வகைக் கருவி பிடித்துவைப்பது 'மார்ஷலை' அன்று. குறிப்பிட்ட ஒரு மார்ஷலின் குறிப்பிட்ட ஒரு நாளை. ஏட்டுச்சுவடி ஒன்றைப் பாடபேதங்களோடு ஒப்புநோக்காமல் அப்படியே அச்சிட்டதற்கு நிகர் அது. அச்சு, சுவடியைக் காக்கிறது. அதே வேளையில் அந்த ஒரு பாடத்தையே பாடம் என்று நிலைநாட்டியும் விடுகிறது.

டிஜிட்டல் கருவியின் கொடையைக் குறைத்து மதிப்பிடுவது தகாது. 100 வாட் வால்வுப் பெட்டி உரக்க ஒலித்தால்தான் தன் குரலைக் காட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது நடவாது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் ஓடுகிறது. விலையும் எடையும் அதிகம். வசதியற்ற மாணவனுக்கு அந்த ஒலியைக் காதணிக் கருவியில் தந்தது டிஜிட்டலே. 2013 டிசம்பரில் மெட்டாலிகா குழு அண்டார்க்டிகாவில் வாசித்தபோது, சுற்றுச்சூழல் கருதி மேடையில் ஒலிபெருக்கமே இல்லை. சிறு கூடாரத்தில் பார்வையாளர் ஹெட்ஃபோன் வழியே கேட்டார்கள். வால்வுப் பெட்டிகளின் அடுக்கோடு அது இயன்றிருக்காது. நாளை வால்வு ஆலைகள் யாவும் மூடினாலும் அந்தக் குரல் எஞ்சும் என்பதும் சிறிய ஆறுதலன்று.

நம் ஐயம் ஒலித்தரத்தைப் பற்றியதன்று. இதுவரை கண்ட வரலாற்றில் ஒவ்வொரு புதிய குரலும் நகலின் தோல்வியிலிருந்தே பிறந்திருக்கிறது. மார்ஷல் ஃபெண்டராகத் தவறியது. புதிய ஒலி வந்தது. ஃபஸ் டோன் எக்காளமாகத் தவறியது. புதிய ஒலி வந்தது. டிஜிட்டல் மாடலிங்கின் இலக்கோ தவறாமை. அசலுக்கும் படிக்கும் உள்ள இடைவெளி சுழியமாக வேண்டும் என்பதே அதன் தருமம். இலக்கு நிறைவேறும்போது, 1959க்கும் 1990க்கும் இடையில் செய்யப்பட்ட சில பெட்டிகளே மின்கிதாரின் நிரந்தர இலக்கணமாக உறைந்துவிடும் அபாயம் இருக்கிறது. அக்காலத்து இளைஞர் பொறியாளரின் இலக்கணத்தை மீறினார். இக்காலத்து இளைஞருக்கு அந்த மீறலே பட்டியலில் 37ஆம் எண்ணாகக் கிடைக்கிறது.

இதற்கு மறுப்பும் வரலாற்றிலேயே உள்ளது. 2000களில், தொடக்ககாலப் பாட் வகைக் கருவிகளைக் கணினியோடு இணைத்து வீட்டு அறைகளில் பதிவுசெய்த இளைஞர்கள், ஸ்வீடனின் மெஷுக்கா குழுவைப் பின்பற்றிப் புதிய உலோக இசைக் கிளை ஒன்றை வளர்த்தார்கள். 'ஜெண்ட்' என்று பின்னர் பெயர்பெற்ற அந்த இசையின் இறுகிய, வறண்ட, நறுக்கென்று அறுபடும் ஒலி வால்வின் மிதப்புக்கு நேர்மாறானது. அன்றைய விமரிசகர்கள் டிஜிட்டலின் குறை என்று சொன்னது எதுவோ அதுவே அவர்களுக்கு அழகாயிற்று. இன்று அந்தப் பழைய சிவப்பு அவரைவிதையின் ஒலியையும் போலச்செய்யும் மென்பொருள்களைத் தேடுவோர் இருக்கிறார்கள்.

ஆகவே வால்வா டிஜிட்டலா என்ற வினாவைக் காட்டிலும், கருவி எந்த இடத்தில் தோற்கிறது, தோற்கும் இடத்தில் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்ற வினாவே பொருளுடையது. தோற்காத கருவியைச் செய்வது பொறியாளரின் கடமை. அதில் அவர் வென்றுவிட்டார் என்றே சொல்லவேண்டும். அவ்வாறு வென்ற கருவியிலும் ஒரு கிழிசலைக் கண்டுபிடிப்பது இனி இசைவாணரின் பொறுப்பு. சவர பிளேடு வைப்பதற்கு இப்போது காகிதக் கூம்பு இல்லை. வேறு எதையாவது கீறித்தான் ஆகவேண்டும்.